அவன்தான் காரணமா?

புகழனைத்தும் வல்லோன் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



மூன்று வாரத்துக்கு முன்னால் அஸர் தொழுகை முடிந்து நான் வெளியே வரும்போது, நம் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் செருப்பு வைக்கும் இடத்தில் காத்துக்கொண்டு நின்றார்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும்" என்றார்.

"கேளுங்க தம்பி" என்றேன்.

"நடந்த உண்மையைத்தான் சொல்றோம். அதுவும் கீபத் ஆகுமா?"

"என்ன உண்மை?"

"கூடைப்பந்து அரையிறுதியில நாங்க தோத்துட்டோம் ஹஜ்ரத். அவன்தான் காரணம். எல்லாருக்கும் தெரியும். அதைச் சொன்னா தப்பா?"

அவர் யாரைச் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியும். கடைசி நொடியில் கைக்கு வந்த பந்தைக் கூடையில் போடாமல் தவறவிட்ட பையன். அந்தத் தோல்விக்குப் பிறகு அவன் மைதானத்துக்கு வரவில்லை. பள்ளிவாசலுக்கும் வரவில்லை. ஆகவே அந்தத் தம்பி கேட்ட கேள்வியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அவருக்கு வாசலில் நின்றபடி சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இன்று உங்களுக்கும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

விளையாட்டு விஷயத்துக்கு ஜும்ஆ மேடையா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் தோல்வி விளையாட்டில் மட்டுமா வருகிறது? கூட்டு வியாபாரம் நொடித்துப் போகிறது. கல்யாணப் பேச்சு முறிந்துவிடுகிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு மணி நேரம் தாமதமாகி, வீட்டுப் பெரியவர் மவுத்தாகிவிடுகிறார். ஒவ்வொரு முறையும் நம் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை எது? 'அவன்தான்.' 'அவள்தான்.' 'உன்னாலதான்.'

மஸ்அலாவின் பதில் சுருக்கமானது. ஒருவரிடம் இருக்கிற குறையை அவர் இல்லாத இடத்தில், அவர் வெறுக்கும் விதத்தில் பேசினால் அது கீபத். இல்லாத குறையைச் சொன்னால் அது புஹ்தான், அதாவது இட்டுக்கட்டு. உண்மை என்பதால் கீபத் ஹலாலாகிவிடாது. இதை நபி (ஸல்) அவர்கள் தெளிவாகவே விளக்கிவிட்டார்கள்.

ஆனால் நான் அந்தத் தம்பியிடம் திருப்பிக் கேட்டது வேறொன்று. "அவன் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டான் என்பது உண்மை. அவன்தான் காரணம் என்பது உண்மையா? அந்தத் 'தான்' உண்மையா?"

ஓர் இரவும் நான்கு எறிதல்களும்

நம் இளைஞர்களுக்கு ஹக்கீம் ஒலாஜுவன் என்ற பெயர் தெரிந்திருக்கும். நைஜீரியாவில் பிறந்து, அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்காக விளையாடியவர். 1995 பிப்ரவரியில் ரமளான் வந்தது. நோன்பு வைத்துக்கொண்டே களமிறங்கி, அந்த மாதத்தின் சிறந்த வீரர் என்ற விருதையும் பெற்றார். இதை எத்தனையோ பேர் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இன்று நான் சொல்லப்போவது அதே 1995இல் அவருக்கு எதிரணியில் நின்ற ஒருவரைப் பற்றி. பெயர் நிக் ஆண்டர்சன். அணி ஆர்லாண்டோ மேஜிக். அந்த அணி தொடங்கியபோது, 1989இல், இளம் வீரர்கள் தேர்வில் அது எடுத்த முதல் வீரரே அவர்தான். ஆறாவது ஆண்டில் அணி முதல்முறையாக இறுதித் தொடருக்கு வந்தது.

1995 ஜூன் 7. இறுதித் தொடரின் முதல் ஆட்டம், சொந்த ஊரில். இரண்டாவது கால் பகுதியில் ஆர்லாண்டோ 20 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. ஹூஸ்டன் விடாமல் துரத்தி வந்தது. ஆட்டம் முடியச் சுமார் 10 விநாடிகள் இருக்கும்போது ஆர்லாண்டோ 110, ஹூஸ்டன் 107. பந்து ஆண்டர்சன் கையில். எதிரணியினர் ஃபவுல் செய்ய, அவருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. கூடைப் பலகையிலிருந்து 15 அடி தூரக் கோட்டில் நின்று, யாரும் மறிக்காமல் எறிவதுதான் ஃப்ரீ த்ரோ. ஒன்று விழுந்தால் போதும், முன்னிலை நான்கு புள்ளியாகிவிடும். ஒரே எறிதலில் எதிரணியால் சமன் செய்ய முடியாது. அந்த ஆண்டு அவர் நூற்றுக்கு 70 வீதம் இதைச் சரியாகப் போட்டவர்.

முதலாவது தவறியது. இரண்டாவதும் தவறியது. திரும்பி வந்த பந்தை அவரே பாய்ந்து பிடித்தார். மறுபடி ஃபவுல். மறுபடி இரண்டு எறிதல். அவை இரண்டும் தவறின.

பந்து ஹூஸ்டனுக்குப் போனது. கென்னி ஸ்மித் என்ற வீரர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தார். விழுந்தது. 110க்கு 110. ஆட்டம் ஓவர்டைமுக்குப் போய், கடைசி நொடியில் ஒலாஜுவன் தட்டிவிட்ட பந்தால் 120க்கு 118 என்று ஹூஸ்டன் வென்றது. அடுத்த மூன்று ஆட்டங்களிலும் ஆர்லாண்டோ தோற்று, தொடர் 4க்கு 0 என்று முடிந்தது.

அதற்குப் பிறகு அந்தத் தோல்வியைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் ஒரு பெயரையே சொன்னார்கள். கேலிப் பட்டப்பெயர் வைத்தார்கள். அவர் ஃப்ரீ த்ரோ கோட்டில் வந்து நின்றாலே கூட்டம் அந்த இரவை நினைவூட்டியது. 1996-97 பருவத்தில் அவருடைய ஃப்ரீ த்ரோ கணக்கைப் பாருங்கள். நூற்றுக்கு 70 போட்டவர் நூற்றுக்கு 40 போட்டார். கை அதே கைதான், தூரமும் அதே 15 அடிதான். அந்த இரவு மனத்தை விட்டு அகலாமல் தன்னை வருத்தியதைப் பின்னாளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அந்தத் 'தான்' எங்கே தவறுகிறது?

சகோதரர்களே! நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

20 புள்ளி முன்னிலை கரைந்துபோனது யாரால்? ஒருவரால் அல்ல. ஓர் அணி முழுவதும் தளர்ந்தால்தான் அது கரையும். முதல் கால் பகுதியில் தவறவிட்ட ஒரு புள்ளிக்கும் கடைசி விநாடியில் தவறவிட்ட ஒரு புள்ளிக்கும் பலகையில் மதிப்பு ஒன்றுதான். முன்னது யார் நினைவிலும் இல்லை. பின்னது எல்லார் நினைவிலும் நிற்கிறது. கடைசியில் நடந்தது என்பதால் அது பெரிதாகத் தெரிகிறது. இது நம் கண்ணின் பலவீனம். இதை நீதி என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. கென்னி ஸ்மித் எறிந்த பந்து கூடையின் விளிம்பில் பட்டு வெளியே போயிருந்தால்? ஆர்லாண்டோ வென்றிருக்கும். அந்த நான்கு எறிதல்களை யாராவது இன்று பேசுவார்களா? ஆண்டர்சன் செய்தது அப்போதும் அதே நான்கு தவறுகள்தான். அவரை உலகமறிந்த குற்றவாளியாக்கியது வேறொருவர் எறிந்த பந்து. தன் கையில் இல்லாத ஒன்றுக்காக ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் பதில் சொல்ல வேண்டுமா?

மூன்றாவது விஷயம்தான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பு, மே 7 அன்று, அதே அணி மைக்கேல் ஜோர்டானின் சிகாகோ புல்ஸ் அணியோடு மோதியது. கடைசி விநாடிகளில் சிகாகோ ஒரு புள்ளி முன்னிலை. பந்து ஜோர்டான் கையில். பின்னாலிருந்து வந்து அந்தப் பந்தைத் தட்டிப் பறித்தவர் யார்? இதே நிக் ஆண்டர்சன். அதனால் ஆர்லாண்டோ 94க்கு 91 என்று வென்றது, அந்தத் தொடரையும் வென்றது, இறுதித் தொடருக்கான வழியும் திறந்தது. இறுதிவரை அழைத்துவந்த கைகளில் அவருடைய கையும் உண்டு. அந்தக் கை மறந்துபோனது. தவறவிட்ட கை மட்டும் நினைவில் நின்றது.

நம் வீடுகளில் நடப்பதும் இதுதானே? இருபது வருஷம் கடையைப் பார்த்துக்கொண்ட தம்பி ஒரு சரக்கில் ஏமாந்துவிட்டால், 'உன்னாலதான் கடை போச்சு' என்கிறோம். அந்த இருபது வருஷம் எங்கே போனது?

தவறும் துரோகமும் ஒன்றல்ல

அப்படியானால் யாரையும் எதுவும் கேட்கக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அடுத்த ஆட்டத்திலும் அதே தவறு நடக்கும். ஆனால் எதைக் கேட்கிறோம் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முயற்சி செய்தும் கை தவறுவது ஒன்று. அதில் பாவமில்லை. மனிதனின் கை தவறும். பயிற்சிக்கு வராமல், சொன்னதைக் கேட்காமல், அலட்சியமாக இருந்து தவறுவது இன்னொன்று. அதைக் கண்டிக்கலாம், திருத்தலாம். வேண்டுமென்றே அணியைக் கைவிடுவது மூன்றாவது. அது துரோகம். அதற்குரிய கேள்வியே வேறு.

தோற்ற ஆத்திரத்தில் நாம் செய்கிற அநியாயம் என்னவென்றால், முதலாவது வகையில் நின்ற மனிதருக்கு மூன்றாவது வகையின் தண்டனையைக் கொடுத்துவிடுகிறோம். பேசுவதில்லை, சேர்த்துக்கொள்வதில்லை, பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அந்தப் பையனுக்கு நடந்தது இதுதான். அவன் ஓடிப்போனவன் அல்ல. தோற்கும் நிலையில் 'எனக்குக் கொடு' என்று கையை நீட்டிப் பந்தை வாங்கியவன். பயந்து ஒதுங்கி நின்றவர்களிடம் தவறவிடப் பந்தே இல்லை. அதனால் அவர்கள் மேல் பழியும் இல்லை.

உஹுதில் நடந்தது என்ன?

அன்பார்ந்தவர்களே! கூட்டாகச் செய்த ஒரு காரியத்தில் சிலருடைய தவறால் எல்லாரும் அடிவாங்கிய சம்பவம் நம் வரலாற்றிலேயே இருக்கிறது. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு நடந்த உஹுத் போர். விளையாட்டுத் தோல்வியை நான் உஹுதோடு ஒப்பிடவில்லை. அங்கே போனது உயிர்கள். அவ்வளவு பெரிய இழப்பிலேயே எப்படி நடந்துகொண்டார்கள் என்று பார்த்தால், ஒரு கோப்பைக்காக நாம் செய்வது எவ்வளவு அதிகம் என்று புரியும்.

நபி (ஸல்) அவர்கள் 50 வில்லாளிகளை ஒரு மேட்டில் நிறுத்தினார்கள். அப்துல்லாஹ் பின் ஜுபைர் (ரலி) அவர்களைத் தலைவராக்கினார்கள். வென்றாலும் தோற்றாலும், ஆள் அனுப்பும்வரை இடத்தை விட்டு நகரக்கூடாது என்று கட்டளையிட்டார்கள். ஆரம்பத்தில் முஸ்லிம்கள் கை ஓங்கியது. போர் முடிந்துவிட்டது என்று நினைத்து வில்லாளிகளில் பெரும்பாலோர் கனீமத் பொருளைச் சேகரிக்கக் கீழே இறங்கிவிட்டார்கள். தலைவர் தடுத்தும் கேட்கவில்லை. காலியான அந்தப் பக்கத்திலிருந்து எதிரியின் குதிரைப்படை பாய்ந்தது. எழுபது ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள். நபியவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களும் அதில் ஒருவர். நபியவர்களின் முகத்திலேயே காயம். பல் உடைந்தது.

இப்போது கவனியுங்கள். இதற்குப் பிறகு இறங்கிய ஆலு இம்ரான் அத்தியாயத்தின் வசனங்களில் தவறு மறைக்கப்படவில்லை. கட்டளைக்கு மாறு செய்தது, தங்களுக்குள் பிணங்கிக்கொண்டது, உலகப் பொருளின் மேல் ஆசை வைத்தது என்று எல்லாம் ஒளிவில்லாமல் சொல்லப்படுகிறது. ஆனால் இறங்கிப்போன வில்லாளிகளின் பெயர்ப் பட்டியல் அங்கே இல்லை. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களுக்கு, உங்களிடமிருந்தே வந்தது என்ற பொருளில் எல்லாரையும் சேர்த்தே பதில் வருகிறது. அல்லாஹ் மன்னித்துவிட்டான் என்ற அறிவிப்பும் வருகிறது.

அதோடு நிற்கவில்லை. அவர்களை மன்னித்துவிடுங்கள், அவர்களுக்காகப் பாவமன்னிப்புக் கேளுங்கள், காரியங்களில் அவர்களோடு ஆலோசனை செய்யுங்கள் என்ற கருத்தில் நபியவர்களுக்குக் கட்டளை வருகிறது. இந்த மூன்றாவது விஷயத்தில்தான் எனக்கு ஒவ்வொரு முறையும் கண் கலங்கும். மதீனாவை விட்டு வெளியே போய்ப் போரிடுவோம் என்று ஆர்வம் காட்டியவர்கள் இளம் ஸஹாபாக்கள். நபியவர்களின் எண்ணமோ ஊருக்குள் இருந்தே எதிர்கொள்வது. ஆலோசனையை மதித்து வெளியே வந்தார்கள். இழப்பும் வந்தது. நம்மில் யாராக இருந்தாலும் என்ன செய்திருப்போம்? 'இனிமேல் உங்கள் யோசனையே வேண்டாம்' என்று ஓரத்தில் உட்கார வைத்திருப்போம். அல்லாஹ்வோ அவர்களை மறுபடியும் மஷூராவுக்கு அழைக்கச் சொல்கிறான். மன்னித்தேன் என்று வாயால் சொல்வது எளிது. தவறியவரை மறுபடி பக்கத்தில் உட்காரவைத்து, 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்பதில்தான் மன்னிப்பு முழுமையாகிறது.

களத்தில் இல்லாதவர்களின் பேச்சு

உஹுதில் மற்றொரு கூட்டமும் இருந்தது. அப்துல்லாஹ் பின் உபை என்பவன் போகும் வழியிலேயே ஏறக்குறைய 300 பேரோடு திரும்பிப் போய்விட்டான். எழுபது ஜனாஸாக்கள் அடக்கப்பட்ட பிறகு, வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன பேசினார்கள் தெரியுமா? எங்கள் பேச்சைக் கேட்டிருந்தால் செத்திருக்க மாட்டார்கள் என்று பேசினார்கள். குர்ஆன் அதையும் பதிவு செய்து கண்டிக்கிறது. முதலில் கைவிட்டுப் போனவர்கள் இவர்கள். கடைசியில் ஆராய்ச்சி பேசியவர்களும் இவர்களே.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் இந்தக் குரல் வரும். களத்தில் வியர்வை சிந்தாதவருக்கு எல்லாமே தெளிவாகத் தெரியும். 'இப்படிப் போட்டிருந்தால்', 'அவனுக்குக் கொடுத்திருந்தால்.' இந்த 'இருந்தால்' என்ற பேச்சு ஷைத்தானின் வேலைக்குக் கதவைத் திறந்துவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். பாடம் படிக்க யோசிப்பது வேறு. ஒருவர் மனத்தைக் கீற யோசிப்பது வேறு.

வருஷங்கள் கழித்தும் இது ஓயாது. ஹஜ்ஜுக்கு வந்த ஒருவர், உஹுத் நாளில் உஸ்மான் (ரலி) அவர்கள் களத்தை விட்டுப் போனார்கள்தானே, பத்ரில் கலந்துகொள்ளவில்லைதானே என்று இப்னு உமர் (ரலி) அவர்களிடம் அடுக்கிய செய்தி புகாரியில் இருக்கிறது. இப்னு உமர் (ரலி) நடந்ததை மறுக்கவில்லை. ஆமாம் என்றார்கள். பிறகு விட்டுப்போன மீதியைச் சொன்னார்கள். உஹுதில் நடந்ததை அல்லாஹ் மன்னித்துவிட்டான். பத்ரின்போது நபியவர்களின் மகளாகிய தம் மனைவி நோயுற்றிருந்ததால், அவரைக் கவனிக்கவே உஸ்மான் (ரலி) தங்கினார்கள். இதையெல்லாம் விளக்கி, இதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போ என்று அனுப்பிவைத்தார்கள்.

இப்னு உமர் (ரலி) காட்டிய வழி இதுதான். உண்மையை மறைக்க வேண்டாம். உண்மையின் மீதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் மஹல்லாவில் யாராவது 'அவன்தான்' என்று ஆரம்பித்தால், அந்த மீதியைச் சொல்ல ஒருவராவது வேண்டும்.

தோற்ற பிறகு செய்ய வேண்டியது

முதலில் தன் கணக்கு. இதைத்தான் முஹாஸபா என்கிறோம். ஆதம் (அலை) அவர்களிடம் தவறு நேர்ந்தபோது, எங்களுக்கு நாங்களே அநியாயம் செய்துகொண்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள். இப்லீஸ் மாறு செய்தபோது, நீதான் என்னை வழிகெடுத்தாய் என்று ரப்பின் மீதே பழியைப் போட்டான். இருவருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அணியில் ஒவ்வொருவரும் மற்றவரைப் பற்றிப் பேசும் முன், தான் விட்டதை ஒன்று சொல்லட்டும். நான் இரண்டாவது பகுதியில் பின்னால் ஓடி வரவில்லை, நான் பாஸ் கொடுத்திருக்க வேண்டும் என்று ஐந்து பேரும் சொன்னால், கடைசி எறிதல் அந்தப் பட்டியலில் ஒரு வரியாகிவிடும். அதன் உண்மையான அளவே அதுதான்.

இரண்டாவது, ஆத்திரம் தணியும்வரை வாயையும் விரலையும் கட்டிப்போடுங்கள். தோற்ற இரவில் எழுதிய எதையும் அனுப்பாதீர்கள்.

மூன்றாவது, சொல்ல வேண்டியதை அவரிடமே, தனியாகச் சொல்லுங்கள். பலர் முன்னால் ஒரு தவறைச் சுட்ட வேண்டி வந்தால், சிலர் இப்படிச் செய்கிறார்களே என்று பெயர் குறிப்பிடாமல் சொல்வது நபியவர்களின் வழக்கம். தவறு திருந்த அது போதும். பெயரைச் சொல்வதால் கூடுதலாகக் கிடைப்பது அவமானம் மட்டுமே.

நான்காவது, பொறுப்பில் இருப்பவர் கூடுதலாகச் சுமக்க வேண்டும். பயிற்சியாளரோ கேப்டனோ அப்பாவோ முதலாளியோ, அவர் முன்வந்து 'இது என் பொறுப்பு' என்று சொன்னால், கீழே இருப்பவர்கள் ஒருவரையொருவர் கடித்துக்கொள்வது நின்றுவிடும்.

தவறவிட்டவருக்கு

இதைப் படிப்பவர்களில் அந்தத் தவறைச் செய்தவரும் இருக்கலாம். அவருக்கும் இரண்டு வார்த்தை.

தம்பி! உங்கள் பங்கை மறுக்காதீர்கள். வெளிச்சம் கண்ணில் பட்டது, பந்து வழுக்கியது என்று காரணம் தேடாதீர்கள். 'நான் தவறவிட்டேன்' என்று சொல்லுங்கள். ஆனால் உங்கள் பங்குக்கு மேல் சுமக்கவும் வேண்டாம். மற்ற நால்வர் தவறவிட்டதையும், எதிரணி நன்றாக ஆடியதையும், அல்லாஹ் எழுதிவைத்ததையும் சேர்த்து ஒரே தோளில் தூக்குவது பணிவு ஆகாது. அது உங்களையே உடைத்துவிடும்.

நிக் ஆண்டர்சனின் கதையில் நான் சொல்லாத ஒரு பகுதி இருக்கிறது. அந்த இரவுக்குப் பிறகும் அவர் பல ஆண்டுகள் அதே அணிக்காக ஆடினார். ஆடி ஓய்ந்த பிறகு, அதே ஆர்லாண்டோ அணியின் சார்பில் ஊர் மக்களோடும் பிள்ளைகளோடும் பழகும் பணியைச் செய்தார். கூட்டம் மறக்காமல் இருந்த அதே ஊரில், அணி அவருக்கு ஓர் இடத்தை வைத்திருந்தது. நாமும் அப்படி ஓர் இடத்தை வைத்திருக்கிறோமா?

என் பங்கு

கடைசியாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் மேடையிலிருந்து இறங்கினால் மற்ற எதையும் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

தோற்ற அன்று இரவே அந்தப் பையனைக் கேலி செய்து ஒரு படம் மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன். படத்தைப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. பிறகு சங்கடமாக இருந்தது. பிள்ளைகள் விளையாட்டு, நாளைக்குச் சரியாகிவிடும் என்று போனை வைத்துவிட்டேன். 'இது வேண்டாம் தம்பிகளா' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. அவன் இந்த ஸஃப்பில் இல்லாமல் போனதற்கு, படம் போட்டவர் ஒரு காரணம், சிரித்தவர்கள் ஒரு காரணம், பேசாமல் இருந்த நானும் ஒரு காரணம்.

அந்தத் தம்பியிடம் அன்று சொன்னேன். "போன வாரம் வரை நீங்க 'அவன்தான்' என்று சொன்னீங்க. இனி 'அவனும்' என்று சொல்லிப் பாருங்க. அதுக்குப் பிறகு 'நானும்' என்று சொல்லிப் பாருங்க." கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "கடைசி பாஸை நான் தாமதமா கொடுத்தேன் ஹஜ்ரத்" என்றார்.

இன்று மஃரிபுக்குப் பிறகு அவரும் நானும் அந்தப் பையனின் வீட்டுக்குப் போகிறோம். அணியில் உள்ள மற்றவர்களும் வந்தால் நல்லது. உபதேசம் செய்யப் போகவில்லை. எங்கள் பங்கைச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு அவனைக் கூப்பிடத்தான் போகிறோம். அவன் வர மறுக்கலாம். அதற்கும் அவனுக்கு உரிமை உண்டு. மறுபடி போவோம்.

உங்கள் வீட்டிலும், உங்கள் கடையிலும், உங்கள் குடும்பத்திலும் பழைய தோல்வி ஒன்றுக்காக ஒதுக்கிவைக்கப்பட்ட ஒருவர் இருப்பார். அவர் பெயர் இப்போதே உங்கள் மனதில் வந்திருக்கும். அவரிடம் போய் உங்கள் பங்கைச் சொல்லுங்கள். இந்த ஜும்ஆவிலிருந்து அடுத்த ஜும்ஆவுக்குள் சொல்லிவிடுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் நாவுகளை அநியாயத்திலிருந்து பாதுகாப்பானாக! நம் குறைகளை முதலில் நமக்குக் காட்டித் தருவானாக! தவறியவர்களை அரவணைக்கும் விசாலமான உள்ளத்தையும், நாம் தவறும்போது நம்மை அரவணைக்கும் சகோதரர்களையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.